லாரியில் ஏறாத டயட் சார்ட்

வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார், வயது 46. மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.2 என்று வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டயட் சார்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரவு பதினோரு மணிக்குப் பரோட்டாதான். வாயைக் கட்டச் சொல்லி எப்படித் திருத்துவது?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய சார்ட்டைப் பார்த்தேன். காலை 8 மணிக்கு மூன்று இட்லி, 11 மணிக்கு மோர், மதியம் ஒரு கப் சாதம், இரவு 7.30க்கு இரண்டு சப்பாத்தி. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவருக்கு அருமையான சார்ட். உங்கள் கணவர் இரவு 7.30க்கு எங்கே இருப்பார்? பெரிய நகரங்கள் பலவற்றில் கனரக வாகனங்கள் பகலில் நுழையத் தடை. ஊர் அடங்கிய பிறகுதான் உள்ளே போய்ச் சரக்கு இறக்க முடியும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்த இடமும் எரிகிற அடுப்பும் சேர்ந்து கிடைப்பது பரோட்டாக் கடையில்தான். இலை போட்ட கையோடு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, கேட்காமலேயே சால்னாவை ஊற்றிவிடுவார்கள். சால்னாவுக்குக் காசு கிடையாது, முட்டைக்கு உண்டு. பசியோடு உட்கார்ந்தவர் இரண்டாம் முறை எதைக் கேட்பார்?

முன்பெல்லாம் வண்டியில் கிளீனர் இருப்பார். ஸ்டவ், அரிசி, பாத்திரம் எல்லாம் பெட்டியில் வரும். மரத்தடியில் ஓரங்கட்டினால், ஓட்டுநர் கண்ணயரும் நேரத்தில் சோறும் குழம்பும் தயாராகிவிடும். இன்று கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, பல வண்டிகளில் ஓட்டுநர் தனியாகத்தான் போகிறார். சமைக்க ஆள் இல்லாமல் போனதை அவருடைய குணக்கேடாக்க வேண்டாம்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சமா? கிளம்பும்போது ஓடு உரிக்காத அவித்த முட்டை, வறுத்த நிலக்கடலை, வெள்ளரிக்காய் கொடுத்தனுப்புங்கள். முட்டையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மாலை ஆறேழு மணிக்கு இவை வயிற்றில் விழுந்தால், இரவு ஐந்து பரோட்டா இரண்டாகும். அந்த இரண்டோடு ஆம்லெட் கேட்கட்டும். டீ சர்க்கரை இல்லாமல் இருக்கட்டும். இரவு ஓட்டத்தில் எத்தனை டீ உள்ளே போகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

இதைவிட அவசரமான விஷயம் மாத்திரை. கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் தாழ்சர்க்கரை வரும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு இது உயிருக்கே உலை. "நான் இரவில் லாரி ஓட்டுகிறேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லட்டும், மருந்தையே மாற்றிக் கொடுக்கலாம். கேபினில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்க வேண்டும். நடுக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கேள்வி: சாமையும் கேழ்வரகும் சாப்பிட்ட காலத்தில் சர்க்கரை நோய் ஏது? ரேஷன் அரிசியும் பெண்களின் சோம்பேறித்தனமும்தானே காரணம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: ஐயா, நீங்கள் என்றைக்காவது சாமை குத்தியிருக்கிறீர்களா? உமி இறுக்கிப் பிடித்த தானியம் அது. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். கொல்லிமலைப் பெண்கள் காட்டு வேலையோடு இதையும் செய்தார்கள். நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ் மில் வந்தது, சாமைக்கு வரவில்லை. மலைச் சரிவுகளில் சாமை இருந்த இடத்தில் மரவள்ளி ஏறியதற்குக் காரணம், கீழே சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் கொடுத்த ரொக்கம். 2011 முதல் ரேஷன் அரிசியும் இலவசமாகிவிட்டது. குத்தினால்தான் சோறாகும் சாமை அதோடு எப்படிப் போட்டி போடும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோனது இதனால்தான்.

ரேஷன் அரிசியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டினியை விரட்டியது அதுதான். அரிசி வந்த அளவுக்குப் பருப்பும் முட்டையும் காயும் வந்து சேரவில்லை என்பதே என் குறை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அது நல்ல வழி. இன்னொன்று, அந்தக் காலத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். ரத்தம் ஏறவே இல்லையே?
– வாசகி, திருப்பூர்

பதில்: மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா என்று பாருங்கள். டீ இரும்புச்சத்தைச் சேர விடாது. எலுமிச்சைச் சாறு சேர உதவும். இன்னொரு கேள்வி, கோபிக்காதீர்கள்: அவள் எப்போது சாப்பிடுகிறாள்? எல்லோரும் எழுந்த பிறகு என்றால், கீரை அடிச்சட்டியில்தான் இருக்கும், கறி இருக்கவே இருக்காது. முதல் பந்தியிலேயே அவளை உட்கார வைத்து, உங்கள் மகனைப் பரிமாறச் சொல்லுங்கள். ஒரு மாதத்திற்குப் பிறகும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு போன்ற வேறு காரணம் உண்டா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.