புதுசா, பழசா? வண்டி கேள்வி – பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு 36 வயது. திரெங்கானு கடலில் எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. வீடு சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கம். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மைவி கார் இருக்கிறது. எனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு பக்கம் புது டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர். இன்னொரு பக்கம் ஈப்போவில் ஒருவர் விற்கும் 1972 எம்ஜிபி, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். இதன் விலை புதுசில் பாதிகூட இல்லை. தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, “பழச வாங்கி காச கரைக்காத” என்கிறார். எதை வாங்கட்டும்?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, எம்ஜிபியை வாங்குங்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜிஆர்86 அருமையான வண்டி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாகச் செய்தது. 2387 சிசி இன்ஜின், சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். அதனால் பாரமெல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது, வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும். இழுவை 230 குதிரைத் திறனுக்கு மேல். அந்த இழுவையை எங்கே செலவழிப்பீர்கள்? ஈப்போ – கோலகங்சார் பழைய சாலையில் சட்டம் 90, பெருநாள் காலத்தில் 80. நெடுஞ்சாலையில் ஏறினால் 110. அந்தக் கார் மூன்றாவது கியரிலேயே இதையெல்லாம் தாண்டிவிடும். அதன் முழு ஆட்டத்தையும் பார்க்க செப்பாங் ஓட்டப்பந்தயத் தளத்துக்குத்தான் போக வேண்டும். மாதத்தில் பாதி நாள் கடலில் இருக்கிறவர் வீட்டுக்கு வந்ததும் சிலாங்கூர்க் கோடிக்கு ஓடுவாரா, சொல்லுங்கள். தோட்டத்துச் சாலையில் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் பயந்து, அடி தட்டுமோ என்று முகம் சுளித்துக்கொண்டே ஓட்டப் போகிறீர்கள்.

எம்ஜிபிக்கு 1798 சிசி. புதிதாக இருந்த காலத்திலேயே நூறு குதிரைத் திறன் கிடையாது. ஆனால் 70-ல் போனாலே நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்பது உடம்புக்குத் தெரியும். இருக்கை அவ்வளவு தாழ்வு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் உங்கள் தோளுக்கு நேராக உருளும். ஸ்டீயரிங்கில் பவர் இல்லை, சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வரும். கியர் போட்டால் போட்டதை உணர்வீர்கள். காலை ஏழு மணிக்கு, பனி விலகுவதற்குள், கூரையை மடக்கிவிட்டு லிந்தாங் சாலையில் போய்ப் பாருங்கள். நான் பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்த வண்டிகளில் அந்த வேகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி தந்தவை மிகக் குறைவு.

செலவுக் கணக்கு சுருக்கமாக. தீபகற்பத்தில் ரோட் டெக்ஸ் ஜிஆர்86-க்கு ஆண்டுக்கு 767 வெள்ளி, எம்ஜிபிக்கு 279 வெள்ளி 20 காசு. புதுசுக்கு வங்கி ஒன்பது ஆண்டு வரை கடன் தரும், வாரண்டி உண்டு, ஆனால் கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே விலை இறங்கும். பழசுக்கு வாகனக் கடன் கிடைப்பது கடினம், ரொக்கம்தான். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சந்தை விலையில் எடுக்காமல் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்பில் எடுக்கப் பாருங்கள். ஐம்பது வயது வண்டிக்குச் சந்தை விலை என்று எதைச் சொல்வார்களோ!

இனி அந்தக் காரை எப்படிப் பார்ப்பது. பளபளப்பான பெயின்ட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. எம்ஜிபிக்கு அடியில் தாங்கும் தனிச் சட்டகம் கிடையாது, உடல்தான் எலும்பு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் காரின் முதுகெலும்பு. நம் ஊர் மழைக்கும் வெக்கைக்கும் அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே புட்டி பூசி, வழவழப்பாகத் தேய்த்து, பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பகுதி நெடுக வைத்துக்கொண்டே வாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் பிடிக்கும், புட்டி இருக்கும் இடத்தில் நழுவி விழும். பிறகு கதவைச் சாத்தி, கதவுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஜாக்கியை அதற்குரிய இடத்தில் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். இடைவெளி அப்படியே இருந்தால் நல்லது. இடைவெளி மாறினாலோ, கதவைத் திறக்க முடியாமல் இறுகினாலோ, முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள். விற்பவர் என்ன சொன்னாலும் கேட்காமல் வந்துவிடுங்கள். அதைச் சரி செய்ய ஆகும் செலவில் இன்னொரு எம்ஜிபி வாங்கலாம்.

இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும். 1972 வண்டிக்கு அங்கே ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு. அமிலம் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டியின் அடி ஓட்டையாகி இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்தில்தான் பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என்று அடித்து, பெட்ரோல் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்குக் கோளாறு என்று என்னிடம் வந்த பழைய ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் எர்த் இணைப்புதான் குற்றவாளி.

அந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இப்போதுள்ள பெட்ரோலுக்கு வால்வு உட்காரும் இடத்தில் கடினமான வளையம் போட்டிருக்க வேண்டும். போட்டாயிற்றா என்று கேளுங்கள், பில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். பசார் மாலாம் (இரவுச் சந்தை) நெரிசலில் சூடேறிவிடும், ஆகவே ரேடியேட்டரைக் கழுவி ஒரு மின்விசிறி வைத்துவிடுங்கள். சாமானுக்குக் கவலைப்பட வேண்டாம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. 1988 முதல் முழு உடலையே இங்கிலாந்தில் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து ஜிஆர்86-ன் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டால் என்ன ஆகும் என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, ஏர்கோன் இல்லை. சாயங்கால மழையில் கூரை ஒழுகும். இரவில் லோரிகளோடு பழைய சாலையில் ஓட்டாதீர்கள். பிள்ளைகளை அதில் ஏற்றவே கூடாது. 2020 முதல் குழந்தை இருக்கை கட்டாயம், அதை முறையாகப் பொருத்தும் வசதியே அந்தக் காரில் கிடையாது. பிள்ளைகளுக்கு மைவி இருக்கிறது, அதுவே போதும். மைவி இல்லாமல் ஒரே காராக இதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஜிஆர்86 என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது நிபந்தனை. நீங்கள் கடலில் இருக்கும் இரண்டு வாரம் அந்த வண்டியை யார் பார்ப்பது? நிறுத்தியே வைத்தால் பெட்ரோல் ஆவியாகிக் கார்புரேட்டரில் பிசின் கட்டும், பேட்டரி இறங்கும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது அதைவிடக் கெடுதல், சைலன்சருக்குள் தண்ணீர் தங்கிவிடும். வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை யாராவது ஓட்டியாக வேண்டும். அந்த ‘யாராவது’ உங்கள் அப்பாதான். கடிதத்தில் அவரை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இந்தக் கணக்கில் அவர்தான் பெரிய ஆள், தம்பி.

தோட்டத்துப் பட்டறை பிட்டர் என்றால் யார் தெரியுமா? ஆலை நின்றால் துரை அவர் வீட்டு வாசலுக்குத்தான் ஆள் அனுப்புவார். சாமான் கிடைக்காவிட்டால் கடைசல் இயந்திரத்தில் அவரே கடைந்து போடுவார். நம் ஊரில் இரட்டை கார்புரேட்டரைச் சமன் செய்யத் தெரிந்த கைகள் இன்று குறைந்துவிட்டன. ஒரு ரப்பர் குழாயை காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டர் வாயிலும், பிறகு இரண்டாவதன் வாயிலும் பிடிப்பார்கள். இரண்டிலும் அந்த ‘உஸ்’ ஒரே அளவில் கேட்கும்வரை திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார்கள். அந்த வேலை அருகில் இருந்து பார்த்தால்தான் வரும். இன்றைய இளம் போமன்கள் (மெக்கானிக்குகள்) கெட்டிக்காரர்கள், கோளாறை மெஷினில் படித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் காரில் அந்த மெஷினைச் செருக இடம் கிடையாது.

ஆகவே அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய், டார்ச்சை அவர் கையில் கொடுத்து, காருக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், டொயோட்டாவுக்குப் போங்கள். ஒன்றும் சொல்லாமல் பானெட்டைத் திறக்கச் சொன்னார் என்றால் முன்பணம் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள இன்ஜின் எண்ணும் சாசி எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ‘பி5’ என்ற வண்டிப் பரிசோதனை உண்டு, எண் பொருந்தாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, என் கணவரிடம் புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ இருக்கிறது. திருமணத்துக்கு முன்பே வாங்கியது. அதை விற்றுவிட்டு டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வாங்கலாம் என்கிறார். விற்றால் பிறகு வருத்தப்படுவாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.
– ஓர் ஆசிரியை, கோலகங்சார்

பதில்: டீச்சர், உங்கள் மனம் சொல்வதுதான் சரி. விற்க விடாதீர்கள். ஜிஆர் யாரிஸ் சிறிய உடம்பில் பெரிய பலம், மூன்று சிலிண்டர் டர்போ, நான்கு சக்கர இழுவை. பணம் இருந்தால் நாளைக்கும் ஒன்று வாங்கலாம். ஒழுங்கான ஜிடிஐ மறுபடி கிடைக்காது. 1996-ல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த லோட்டஸ்காரர்கள் வளைவுக்கென்றே சஸ்பென்ஷனைச் சீர்செய்து கொடுத்த நம் நாட்டுக் கார் இது. 1834 சிசி இரட்டை கேம் இன்ஜின். அந்தக் காலத்துப் பையன்கள் நாசமாக ஓட்டி உடைத்தது போக மிச்சம் இருப்பவை கொஞ்சம். சாதாரண சாத்ரியாவுக்கு ஜிடிஐ வேஷம் போட்டு விற்பதும் நடக்கிறது. உண்மையானதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது விடுவார்களா? டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார் என்று மட்டும் கேளுங்கள். ஞாபகமில்லை என்றால் இந்த மாதமே மாற்றச் சொல்லுங்கள். ரோட் டெக்ஸ் 297 வெள்ளிதான்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன டட்சன் 120Y இருக்கிறது. ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்கள்) கடையில் பெரிய இன்ஜின் எடுத்துப் போட்டால் புது ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈடாகுமா?
– ஒரு வாசகர், தைப்பிங்

பதில்: நேர்கோட்டில் ஈடாகலாம், நிறுத்தும்போது ஆகாது. அந்தக் காரின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் 1.2 லிட்டர் இன்ஜினுக்கு அளந்து செய்தவை. இழுவையை இரட்டிப்பாக்கினால் பிரேக், சஸ்பென்ஷன், பின் அச்சு என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். கடைசியில் தாத்தாவின் காரில் கதவும் கூரையும்தான் மிஞ்சும். இன்ஜின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும், கிராண்டில் புது எண் ஏற வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். தாத்தாவின் இன்ஜினையே பிரித்து, சிலிண்டரைக் கடைந்து ‘போர்’ அடித்து, புது ரிங் போட்டுக் கட்டுங்கள். பட்டறையில் அதற்குப் பெரிய செலவு ஆகாது.

கேள்வி: எனக்கு 20 வயது. முதல் காராக 1990-களின் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கலாமா? என்னிடம் டிஏ லைசென்ஸ் இருக்கிறது.
– ஒரு மாணவர், கம்பார்

பதில்: டிஏ ஆட்டோ கியருக்கு மட்டும்தான் தம்பி. நல்ல எம்எக்ஸ்-5 பெரும்பாலும் மேனுவலாகத்தான் கிடைக்கும், அதைத் தொட்டாலே சட்டப்படி குற்றம். முதலில் மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குள் புது ஓட்டுநருக்கான இரண்டு ஆண்டு ‘பி’ ஸ்டிக்கர் காலமும் முடியட்டும். பின்சக்கர இழுவை வண்டி மழையில் வாலை வீசினால் கை தானாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அது ஓட்ட ஓட்டத்தான் வரும். அதுவரை ஒரு பழைய மேனுவல் புரோட்டோன் சாகா போதும். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5-க்கு ரோட் டெக்ஸ் 90 வெள்ளிதான், பிறகு வாங்கினாலும் வரி உங்களைப் பயமுறுத்தாது. வாங்கும்போது கூரைத் துணியின் ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கதவுக்குக் கீழ்ப் பகுதி உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும்.