வெப்பமண்டலக் கடலில் குளிர்காலமே கிடையாது. பிறகு அங்குள்ள மிதவை உயிரிகள் மட்டும் ஏன் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன?

கேள்வியின் கீழே விளக்கமாக இப்படி எழுதியிருக்கிறார்கள்: "ஐரோப்பியக் கடல்களில் வசந்தம் வந்தால் நுண்பாசி பெருகும் என்று படித்தேன், புரிகிறது. நம் கடலில் ஆண்டு முழுவதும் வெயில். தண்ணீர் எப்போதும் 27, 28 டிகிரி. இங்கே எதை வைத்துப் பருவம்? ஆழத்துக்கு ஆழமும் மாறுவதாகச் சொல்கிறார்களே, அது எப்படி?"

ஆய்வு மாணவனாகச் சில ஆண்டுகள் வலையும் ஃபார்மலின் புட்டியுமாக அலைந்தவன் நான். இப்போது பார்ப்பது வேறு வேலை. ஆனால் யாராவது பிளாங்டன், அதாவது மிதவை உயிரி, என்று சொன்னால் கை தானாக நுண்ணோக்கியைத் திருகப் போகிறது.

முதலில் அந்த 27, 28 டிகிரியைக் கொஞ்சம் ஆட்டிவிடுகிறேன். ஜூலையில் சோமாலியாக் கரையோரம் போய்க் கையை நனைத்துப் பாருங்கள். மேற்பரப்புத் தண்ணீரே சில நாட்களில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பூமத்திய ரேகைக்கு அவ்வளவு அருகில் இருக்கும் கடலில் இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? அடியிலிருந்து. உங்கள் கேள்விக்கான விடையும் அங்கேதான் கிடக்கிறது.

வெப்பக் கடலில் ஒளிக்குப் பஞ்சம் இல்லை, உரத்துக்குத்தான் பஞ்சம். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் ஆழத்தின் குளிர்ந்த தண்ணீரில் கிடக்கின்றன. சூடான மேல்தண்ணீர் எடை குறைந்தது; அடித்தண்ணீரின் மேல் மூடி போட்டது போலப் படுத்திருக்கிறது. மேலே வெயில் இருக்கிறது, உரம் இல்லை. கீழே உரம் இருக்கிறது, வெயில் இல்லை. ஆகவே இங்கே பருவம் என்றால் அந்த மூடி எப்போது திறக்கிறது என்பதுதான். திறப்பது காற்று. திறக்கவிடாமல் தடுப்பது பல இடங்களில் நன்னீர்.

அரபிக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது இருபோகக் கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஃபின்ட்லேட்டர் என்ற வானிலையாளர் 1960-களின் இறுதியில் விவரித்த அந்தத் தாழ்மட்டக் காற்றோட்டமாக, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சீறி வருகிறது. சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்தண்ணீரை வெளியே தள்ள, அந்த இடத்துக்கு அடித்தண்ணீர் ஏறுகிறது. கேரளக் கரையிலும் அளவில் சிறியதாக இதுவே நடக்கிறது. உரம் வந்தவுடன் டயாட்டம்கள் கிளம்பிவிடும். சிலிக்கா ஓடு கட்டிய ஒற்றைச் செல் பாசிகள் இவை. உரம் கிடைத்தால் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். மலபார்க் கரையில் ஃபிராஜிலாரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் மிகுந்தால் மத்தியும் மிகும் என்று 1955-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது போகம் குளிர்காலத்தில், கடலின் வடபாகத்தில். நிலப்பக்கமிருந்து வரும் வறண்ட குளிர்காற்று தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. உப்பும் குளிரும் சேர்ந்து கனத்துப்போன மேல்தண்ணீர் மூழ்க, கலங்கும் அடுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வரை இறங்குகிறது. மூடி கிழிந்து உரம் மேலே வருகிறது. வெப்பமண்டலக் கடலில் குளிர்காலமே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த வட அரபிக்கடலைத்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே, மார்ச் முதல் மே வரை, தரிசு. காற்று ஓய்ந்து தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், உரம் தீர்ந்திருக்கும். அப்போது டிரைக்கோடெஸ்மியம் வரும். காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனைத் தானே பிடித்து உரமாக்கிக்கொள்ளும் நீலப்பச்சைப்பாசி இது. நெல் அறுத்த நிலத்தில் கொளுஞ்சி விதைப்பார்களே, கடல் அதைத் தானாகவே செய்துகொள்கிறது. மேற்பரப்பில் பழுப்பாக, மரத்தூள் கொட்டியது போல மைல்கணக்கில் மிதக்கும். 1770-இல் ஆஸ்திரேலியாவுக்கு அருகே இதைப் பார்த்த கேப்டன் குக்கின் மாலுமிகள் கடல் மரத்தூள் என்றே பெயர் வைத்தார்கள். முதல் முறை பார்த்தபோது, ஏதோ கப்பல் எண்ணெயைக் கொட்டிவிட்டது என்று நான் நினைத்தேன்.

வங்கக் கடலுக்கு வந்தால் கதை மாறிவிடும். அதே மாதங்களில் அங்கும் காற்று அடிக்கிறது. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று அத்தனை ஆறுகளும் அங்கேதான் கொட்டுகின்றன; மழையும் அதிகம். உப்புக் குறைந்த இலேசான தண்ணீர் மேலே பரவி, மூடியின் மேல் இன்னொரு மூடியாகிவிடுகிறது. அரபிக்கடலைவிடச் சற்று மெலிந்த காற்றால் அதைக் கிழிக்க முடிவதில்லை. ஆறுகள் உரம் கொண்டுவராதா என்று கேட்பீர்கள். கொண்டுவருகின்றன. பெரும்பகுதி முகத்துவாரத்தை ஒட்டியே தீர்ந்துவிடுகிறது. கூடவே வரும் வண்டல் ஒளியையும் மறைத்துவிடுகிறது. நடுக்கடலுக்குப் போனால் நீலம், நீலம், நீலம்தான். நீர்ச்சுழல் ஒன்று அடித்தண்ணீரை உயர்த்தினாலோ புயல் கடந்து போனாலோ அந்த இடத்தில் மட்டும் சில நாள் பச்சை பூக்கும்.

நம் தமிழ்நாட்டுக் கரையில் பருவத்தைப் புட்டியிலேயே பார்க்கலாம். நான் பரங்கிப்பேட்டைப் பக்கம் எடுத்த மே மாத மாதிரியைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தேநீர் வண்டல் போலப் பழுப்பாகப் படியும். ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் நெருக்கியடித்த கூட்டம்: வட்டத் தட்டுப் போல காசினோடிஸ்கஸ், முள்ளை நீட்டிச் சங்கிலி கோத்த கீட்டோசெராஸ், ஊசி ஊசியாக ரைசோசொலீனியா. ஒரு தட்டை எண்ணி முடிக்கக் காலைப்பொழுது போய்விடும். அதே இடத்தின் நவம்பர்ப் புட்டியில் படிவது சேறு. வடகிழக்கு மழையில் ஆறு பெருகி, உப்பு இறங்கி, தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போது எடுத்தது அது. மண்துகளுக்கு நடுவே உடைந்த ஓடுகளைத் தேடித் தேடி எண்ண வேண்டும். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். சேற்றில் எண்ணுவது இன்னும் கொடுமை.

இனி ஆழம். இதைத் தனிக் கேள்வியாக எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் பருவமும் ஆழமும் ஒரே கேள்விதான்.

கடல் நடுவே கப்பலிலிருந்து முதன்முறை கருவியை இறக்கியது நன்றாக நினைவிருக்கிறது. பச்சையத்தின் அளவைத் திரையில் கோடாக வரைந்துகொண்டே அது இறங்கும். 10 மீட்டரில் ஒன்றும் இல்லை. 20, 30, அப்போதும் ஒன்றும் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் கோடு மெல்ல நகர்ந்து, அறுபதை ஒட்டி வயிறு தள்ளியது போல வெளியே புடைத்தது. எண்பதுக்குள் மறுபடி ஒடுங்கிவிட்டது. மேலே பாலைவனம், அறுபது மீட்டர் ஆழத்தில் தோட்டம். மேலிருந்து வரும் ஒளி தீர்வதற்கு முன்பும், கீழிருந்து ஏறும் உரம் தீர்வதற்கு முன்பும், இரண்டும் சந்திக்கிற இடம் அது. தெளிந்த வெப்பக் கடலில் மேற்பரப்பு ஒளியின் நூறில் ஒரு பங்கு 80, 100 மீட்டர் வரை இறங்கும். அந்த மங்கலே போதும். காற்று ஓய்ந்த மாதங்களில் இந்தத் தோட்டம் கீழே இறங்குகிறது. காற்று கிளம்பி மூடி கிழிந்தால் மேலே ஏறுகிறது, அல்லது கலங்கலில் கரைந்துபோகிறது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்துக் கடலின் வளத்தை அளப்பவர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது பார்ப்பது மேல்தோலை மட்டும்.

என் முதல் அறிக்கையில் இந்த ஆழத்தில் பாசி பல மடங்கு பெருகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் சிவப்பு மையில் அடித்து, "மாமரத்தின் உள்கிளை இலையைப் பார்த்ததில்லையா?" என்று ஓரத்தில் எழுதினார். நிழலில் இருக்கும் இலை கூடுதல் பச்சையாக இருக்கும். ஆழத்துச் செல்களும் அப்படித்தான். குறைந்த ஒளியைப் பிடிக்க ஒவ்வொரு செல்லும் பச்சையத்தை அதிகமாக வைத்துக்கொள்கிறது. புடைப்பில் ஒரு பகுதி கூட்டம், ஒரு பகுதி நிறம்.

அங்கே இருப்பவை யார் என்பதும் வேறு. 1980-களின் பிற்பாதி வரை நாம் கண்டே பிடிக்காத புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு. உரம் குறைந்த வெப்பக் கடலில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம்வரை இருக்கும். அதிலேயே வெயிலுக்குப் பழகிய வகைகள் மேலும், மங்கலுக்குப் பழகிய வகைகள் கீழுமாகக் குடியிருக்கின்றன. எங்கள் வலையின் கண் இதைவிட எவ்வளவோ பெரியது. வலையில் விழுந்ததுதான் கடல் என்று எத்தனை தலைமுறை எண்ணிக்கொண்டிருந்தோம்!

விலங்கு மிதவை உயிரிகளுக்கு ஆழம் என்பது நேரத்தையும் பொறுத்தது. பெரும்பாலானவை பகலில் கீழே, இரவில் மேலே. அதனால்தான் ஆழவாரியாகத் தனித்தனியே திறந்து மூடும் வலைத்தொகுதி வைத்திருப்போம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் மூடும் கட்டளையை அனுப்ப மறந்துவிட்டேன். 500 மீட்டரிலிருந்து மேல்வரை இருந்ததெல்லாம் ஒரே வலையில் ஏறி வந்தது. கூட இருந்த மூத்தவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ரசத்தையும் பாயசத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டாயே, தம்பி" என்றார். பிறகு அவரே சமாதானமும் சொன்னார்: 1960-களின் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவாக நிர்ணயித்த வலையை 200 மீட்டரிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பாகத்தான் இழுத்தார்கள், அந்த மாதிரிகளைக் கொச்சியில் உட்கார்ந்து பிரித்தார்கள். எங்கே அதிகம், எந்த மாதம் அதிகம் என்பது தெரிந்தது. எந்த ஆழம் என்பது தெரியவில்லை.

அரபிக்கடலில் சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை பிராணவாயு அநேகமாக இல்லை. மீன் துரத்த முடியாத இடம் என்பதால் புளூரோமம்மா இண்டிகா என்ற துடுப்புக்காலி (இறாலுக்குத் தூரத்து உறவான மிகச் சிறிய விலங்கு) பகலில் அங்கே போய் ஒளிகிறது. இன்னும் வியப்பானது கலனாய்டெஸ் கரினேட்டஸ் என்ற மற்றொரு துடுப்புக்காலி. பருவக்காற்றுக் காலத்தில் மேலே வந்து டயாட்டம்களைத் தின்று கொழுக்கும். காற்று ஓய்ந்ததும், முதிர்வதற்கு முந்தைய பருவத்திலேயே, உடம்பில் எண்ணெயைச் சேமித்துக்கொண்டு 500 மீட்டருக்கும் கீழே இறங்கித் தூங்கப் போய்விடும். அடுத்த ஆண்டு அடித்தண்ணீர் ஏறும்போது மேலே வந்து முட்டையிடும். தரிசு மாதத்தில் மேலே மட்டும் வலைபோட்டவர் இப்படி ஓர் இனமே இங்கு இல்லை என்று எழுதிவிடுவார்.

ஒரு புதிரையும் சொல்ல வேண்டும். பாசி இப்படி ஏறி இறங்கினாலும் அரபிக்கடலின் மேலடுக்கில் விலங்கு மிதவைகளின் மொத்த எடை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது என்று கடல் ஆய்வாளர் மதுப்பிரதாப்பும் உடனிருந்தோரும் 1996-இல் காட்டினார்கள். தரிசுக் காலத்தில் அவை எதைத் தின்றன? பாக்டீரியா, அதைத் தின்னும் ஒற்றைச் செல் உயிர்கள், அவற்றைத் தின்னும் இவை என்று ஒரு பின்வாசல் உணவுச்சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

நீங்கள் நேரில் பார்க்க விரும்பினால், பழைய நைலான் காலுறையின் நுனியில் ஒரு சிறு புட்டியைக் கட்டி, வாயில் கம்பி வளையம் கோத்து, சூரியன் மறைந்தபின் படகுத்துறையில் பத்து நிமிடம் இழுங்கள். மேயில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் புட்டியின் ஒரு பக்கம் டார்ச்சைப் பிடியுங்கள். ரவை தூவியது போல இருப்பவை துள்ளித் துள்ளி அந்தப் பக்கக் கண்ணாடியோரம் வந்து மொய்க்கும். வெயிலில் வைத்துவிடாதீர்கள், மதியத்துக்குள் நாறிவிடும்.