27 பார் பாட்டு ஏன் சோலோவில் உடைகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நால்வர் ஜாஸ் வாசிக்கிறோம். டெனார் சாக்ஸபோன், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ். பியானோ நான். அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்து உருப்படி வைத்திருக்கிறோம். ஆறு ஸ்டாண்டர்ட் (ஜாஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள்), நான்கு நான் எழுதியவை. ஸ்டாண்டர்டுகள் ஒத்திகையே இல்லாமல் ஓடிவிடுகின்றன. என்னுடையவற்றில் மெலடி வரை ஒழுங்காக வரும். பிறகு பாட்டின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) திரும்பத் திரும்பச் சுற்றிவர, அவற்றின்மேல் ஒருவர் கற்பனையாக வாசிக்கும் சோலோ தொடங்கி இரண்டாவது சுற்றுக்குள் ஆளுக்கொரு இடத்தில் நிற்போம். இத்தனைக்கும் இத்துடன் அனுப்பியிருக்கும் பாட்டில் மொத்தமே ஐந்து கார்டுகள்தான். சாக்ஸ்காரர் "மனப்பாடம் செய்யாமல் எதுவும் சரிவராது" என்கிறார். டிரம்மர் "பாட்டே கோணல்" என்கிறார். யார் சொல்வது சரி? இவற்றை நிகழ்ச்சியில் எந்த இடத்தில் வைப்பது?

கே.

அன்புள்ள கே.,

இருவர் சொல்வதும் பாதி சரி. ஆனால் முதலில் சாக்ஸ்காரரின் தாளை எடுத்துப் பாருங்கள். டெனார் சாக்ஸ் எழுதியதைவிடக் கீழே ஒலிக்கும் கருவி; அதற்கு மெலடியை ஒரு முழு சுரம் ஏற்றிச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மெலடிக்கு மேலே எழுதியுள்ள கார்டுகள் பியானோ தாளில் இருப்பது போலவே இருக்கின்றன. நீங்கள் எஃப் மைனர் வாசிக்கும்போது அவர் தாளில் ஜி மைனர் என்று இருக்க வேண்டும். எஃப் மைனர் என்றே இருக்கிறது. அதைப் பார்த்து அவர் வாசித்தால் வெளியே கேட்பது ஈ ஃபிளாட் மைனர். மெலடியில் தெரியாது, சோலோவில்தான் வெடிக்கும். கணினியில் எழுதும்போது கார்டை வெறும் எழுத்தாக அடித்தால் மென்பொருள் அதை ஏற்றித் தராது. கார்டுக்கென்று இருக்கும் வசதியில் அடிக்க வேண்டும். அவர் மனப்பாடத்தை வற்புறுத்துவதற்கு இந்தத் தாளே காரணமாக இருக்கலாம்!

இனி பாட்டு. 27 பார் (ஒரு பார் என்பது நான்கு பீட் கொண்ட தாளக் கட்டம்), 11, 7, 9 என்று மூன்று பகுதி. ஐந்து கார்டுதானே என்கிறீர்கள். கார்டு குறைவாக இருந்தால் வழி சுலபம் என்று பொருளில்லை. மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' (1959) பாட்டில் இருப்பது இரண்டே மோடுகள் (சுர வரிசைகள்): டி டோரியன் 16 பார், ஈ ஃபிளாட் டோரியன் 8 பார், மீண்டும் டி 8 பார். மொத்தம் 32. ஆனால் ஒரு சுற்றின் கடைசி 8 பாரும் அடுத்த சுற்றின் முதல் 16 பாரும் ஒட்டிக்கொண்டு, 24 பார் ஒரே நிறத்தில் ஓடும். எண்ணாமல் இருப்பவர் பிரிட்ஜுக்கு (அந்த ஈ ஃபிளாட் பகுதிக்கு) எட்டு பார் முன்னதாகவே போய் நிற்பார். இரண்டு மோடு பாட்டில் தொலைந்துபோகிறவர்கள் ஏராளம்.

இதற்கு நேர் எதிராக 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பார் மேஜர் பக்கம் சாயும், அடுத்த நான்கு மைனரில் இறங்கும். அது ஒருமுறை திரும்ப வரும். மூன்றாம் பகுதியில் வரிசை தலைகீழ்: மைனர் முதலில், மேஜர் பிறகு. நடுவில் தூங்கி விழித்தவன்கூட நான்கு பார் கேட்டால் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவான். எட்டு பாருக்கு ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போகும் ஒரு கார்டு. ஸ்டாண்டர்டுகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடு இருக்கும். போதாததற்கு மெலடி எல்லார் மண்டையிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் பாட்டில் இந்த இரண்டும் இல்லை. ஐந்து கார்டில் ஒன்றுகூட டாமினன்ட் செவன்த் (அடுத்த கார்டை நோக்கி இழுக்கும் கார்டு; பெயரில் 7 வரும்) கிடையாது; எதுவும் எதையும் இழுக்கவில்லை. முதல் பகுதியின் கடைசி மூன்று பார் எஃப் மைனர், இரண்டாம் பகுதியின் முதல் இரண்டு பாரும் எஃப் மைனர். மெலடி இருக்கும்வரை தையல் தெரியும். மெலடி நின்றதும் அது ஐந்து பார் எஃப் மைனர், அவ்வளவுதான். 11வது பாரில் சி 7 போடுங்கள். மெலடி அங்கே சி சுரத்தில் நீண்டு நிற்கிறது, உறுத்தாது. 12வது பாரில் எஃப் மைனர் வரும்போது 'வந்து சேர்ந்தோம்' என்று கேட்கும். அதேபோல் 27வது பாரில் ஏ ஃபிளாட் 7. அது பாட்டின் தலையில் உள்ள டி ஃபிளாட் மேஜருக்குக் கொண்டுவந்து விடும். இரண்டே இரண்டு கார்டு, வேறெதையும் தொடாதீர்கள்.

அடுத்தது டிரம்மர் சொல்லும் கோணல். மெலடியில் அந்த 11-7-9 அழகாகத்தான் இருக்கிறது. வாக்கியம் முடிந்த இடத்தில் பகுதியும் முடிகிறது. அதை நேராக்கிக் கெடுக்க வேண்டாம். ஆனால் சோலோவும் அதே 27இல் போகவேண்டும் என்று யார் சொன்னது? கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' (1930) முதலில் 34 பார்; கடைசியில் இரண்டு பார் வால் உண்டு. அதன் கார்டுகளை வைத்துச் சோலோ வாசிப்பவர்கள் வாலை வெட்டிவிட்டு 32 ஆக்கிக்கொண்டார்கள். உங்கள் சோலோவுக்கு 12, 8, 8 என்று 28 பார் வைத்துத் தனியாக எழுதுங்கள். சி 7ஐ 12வது பாரிலும் ஏ ஃபிளாட் 7ஐ 28வது பாரிலும் வையுங்கள். வரிக்கு நான்கு பார் வீதம் ஏழு வரி. ஒவ்வொரு பகுதியும் வரியின் இடது ஓரத்தில் தொடங்கவேண்டும், முன்னால் இரட்டைக் கோடு, மேலே பெரிய எழுத்து. இப்போது உங்கள் தாளில் முதல் பகுதி மூன்றாம் வரியின் நடுவில் முடிகிறது. 'குறிக்குத் திரும்பு, அங்கிருந்து கோடாவுக்குத் (தனியாக எழுதிய முடிவுப் பகுதிக்கு) தாவு' என்ற வித்தை மெலடிக்கு ஒருமுறை என்றால் சரி; சோலோவில் சுற்றுக்குச் சுற்று தாவினால் பாஸ்காரர் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியாது.

ஒரு எச்சரிக்கை. டிரம்ஸுடன் நான்கு நான்கு பாராக மாற்றி வாசிப்பதானால் 28இல் ஏழு துண்டுதான் வரும், ஒற்றைப்படை. முதல் சுற்றை சாக்ஸ் தொடங்கி சாக்ஸே முடிக்கும். இரண்டாவதை டிரம்ஸ் தொடங்கி டிரம்ஸ் முடிக்கும். 12 பார் ப்ளூஸிலும் இதே கதைதான். இரண்டு சுற்று என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்று முடிந்த இடத்தில் இருவரும் ஒன்றாக வாசிப்பார்கள், அல்லது இருவரும் சும்மா இருப்பார்கள்.

டிரம்மருக்கு நீங்கள் கொடுத்திருப்பது பீட்டைக் குறிக்கும் வெறும் சாய்கோடுகள். அவருக்கும் மெலடித் தாளையே கொடுங்கள். மெலடி தெரிந்த டிரம்மர், பகுதி முடியும் பாரில் தானாகவே ஒரு சின்ன ஃபில் (இடத்தை நிரப்பும் அடி) போடுவார். மற்ற மூவருக்கும் அதுவே மைல்கல்.

மனப்பாடம் விஷயத்தில் நான் சாக்ஸ்காரர் பக்கம். ஆனால் மனப்பாடம் ஆகவேண்டியது கார்டு வரிசை அல்ல, மெலடி. நால்வரும் வாயால் பாடவேண்டும், டிரம்மர் உட்பட. பிறகு பாஸும் டிரம்ஸும் மட்டும் சோலோச் சுற்றை வாசிக்கட்டும், பாஸ் ஒவ்வொரு கார்டுக்கும் மூல சுரம் மட்டும்; மற்ற இருவரும் மனதுக்குள் மெலடியை ஓட்டட்டும். கடைசியாக, நால்வரும் ஒரு சுற்று வாசித்து, அடுத்த சுற்று முழுக்க அமைதியாக இருந்து, அதற்கடுத்த சுற்றின் முதல் பீட்டில் சேர்ந்து விழவேண்டும். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று அப்போது தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்துச் செய்யுங்கள், நிமிடத்துக்கு 200 பீட் வேண்டாம், 120 போதும்.

சோலோவிலிருந்து மெலடிக்குத் திரும்பும்போது 28இலிருந்து 27க்கு மாறுகிறீர்கள் என்பதால் சைகை அவசியம். கடைசிச் சுற்று தொடங்கும்போது சாக்ஸ்காரர் தலையைத் தொடட்டும். சுற்று முடிகிற நேரத்தில் தொட்டால் பின்னால் இருக்கும் பாஸ்காரர் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

நிகழ்ச்சி வரிசைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 வேகத்தில் உங்கள் 28 பார் சுற்று 34 விநாடிக்குள் முடிகிறது. ஆளுக்கு மூன்று சுற்று தாராளம். 60 வேகத்தில் போகும் பாலட்டில் (மெதுவான பாட்டில்) 32 பார் சுற்று இரண்டு நிமிடத்துக்கு மேல். அதில் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு சுற்று, முன்னும் பின்னும் மெலடி என்றால் பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும். பாலட்டில் சாக்ஸ் முதல் 16 பார், பியானோ அடுத்த 16 என்று ஒரே சுற்றைப் பங்கிட்டாலே போதும். ஒவ்வொரு பாட்டிலும் பாஸ் சோலோ வேண்டாம். பத்துக்கு மூன்றில் வைத்தால் அதற்கு மதிப்பு இருக்கும்.

முதல் உருப்படி நடுவேக ஸ்டாண்டர்டாக இருக்கட்டும், அரங்கில் பாஸ் கேட்கிறதா, டிரம்மரின் ரைடு சிம்பல் (தாளத் தட்டு) பியானோ ஒலியை மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ள. இந்த 27 பார் பாட்டை மூன்றாவதாக வையுங்கள். கைகள் சூடேறியிருக்கும், கவனமும் கலைந்திருக்காது. உங்கள் மற்ற மூன்றில் இரண்டை அடுத்தடுத்து வைக்க வேண்டாம்; நடுவில் ஒரு ப்ளூஸ் வரட்டும். எண்ணித் தொடங்குமுன், மெலடியில் மிக நெருக்கமான சுரங்கள் வரும் ஐந்தாவது பாரை மனதுக்குள் பாடிப் பார்த்துவிட்டு வேகத்தைச் சொல்லுங்கள். முதல் பாரில் இரண்டு பீட் நீளும் சுரங்கள் இரண்டுதான் இருக்கின்றன. அதை வைத்து எண்ணினால் ஐந்தாவது பாரில் சாக்ஸ்காரர் மூச்சு முட்டுவார்.