பிரேக்கில் காற்று எடுப்பது

கேள்வி: படுக்கை, அடுப்பு வைத்த பழைய வேன் எங்களுடையது. பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பிரேக் குழாயில் புகுந்த காற்றை நானே எடுக்கலாமா?
— வாசகர், மண்டபம்

பதில்: எடுக்கலாம் தம்பி, ஆனால் மிதிக்க இன்னொருவர் வேண்டும். மணலில் ஜாக்கி போடாதீர்கள், புதையும். கெட்டித் தரையில் ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். நம்ம உப்புக் காற்றில் நிப்பிள், அதாவது சக்கரத்து பிரேக்கில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு, துருவேறி இறுகியிருக்கும். பலம் காட்டினால் ஒடிந்துவிடும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனிங்கில் படக்கூடாது. அப்புறம், அவர் மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைத் திறங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். மிதி தரைவரை போகாதபடி அடியில் ஒரு கட்டை வையுங்கள், இல்லையென்றால் மிதியின் அழுத்தத்தை பிரேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியும். ஊற்றுவது சீல் பிரிக்காத புது பிரேக் எண்ணெயாக இருக்கட்டும்; திறந்து வைத்தது ஈரத்தை இழுத்திருக்கும். மிதி கெட்டியாகாமல் பாம்பன் பாலம் ஏறாதீர்கள்.