கார்டில் கணவர் பெயர், போனில் ‘சார் கிட்ட குடுங்க’

கேள்வி: அக்கா, எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. சொந்த ஊர் மேலூர், இப்போது இருப்பது திருநகர். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம். ஒரே மாதத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழும் வாங்கிவிட்டோம். வேலைக்குப் போன புதிதில் எடுத்த கிரெடிட் கார்டு ஒன்று இருக்கிறது, அதில் அப்பா இன்ஷியல். கணவர் இன்ஷியலுக்கு மாற்றலாம் என்று ஆப்பில் விண்ணப்பித்து, கல்யாணச் சான்றிதழையும் ஏற்றினேன். இரண்டு வாரத்தில் புது கார்டு வந்தது. அதில் கணவரின் முழுப்பெயர் முன்னால், என் பெயர் பின்னால்! திருத்தச் சொல்லிக் கூப்பிட்டால், ‘கார்டில் உள்ள பெயரைச் சொல்லுங்க’ என்கிறார்கள். சொன்னால், ‘எங்க ரெக்கார்டில் அப்படி இல்லையே’ என்று வைத்துவிடுகிறார்கள். ஒருத்தர் ‘சார் கிட்ட குடுங்க மேடம்’ என்றார். கிளைக்குப் போனால், ‘கார்டு டிவிஷன் தனி, இங்கே ஒன்றும் செய்ய முடியாது’. மறுபடி போன் போட்டால், ‘கல்யாணச் சான்றிதழெல்லாம் செல்லாது, ஆதாரை மாற்றிக்கொண்டு வாங்க’. இதுவரை ஆறு புகார் எண் வாங்கியாயிற்று. ஆறுக்கும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்துவிட்டது. மாமியார் வேறு, ‘இன்னுமா அப்பா இன்ஷியல்?’ என்கிறார். பேசாமல் கார்டையே மூடிவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருநகர், மதுரை.

பதில்: கார்டை மூட வேண்டாம் தங்கச்சி. முதலில் போனைக் கீழே வையுங்கள்.

வங்கி கவுன்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவள் நான். அந்தப் பக்கத்து விவகாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். போனில் பேசுகிற பிள்ளைக்கு உங்கள் பெயரை மாற்றும் அதிகாரம் கிடையாது. அவரால் முடிந்ததெல்லாம் ஒரு புகார் எண் போட்டு உள்ளே தள்ளுவதுதான். உள்ளே இருப்பவர் அதைப் பார்த்து, ‘ஆதார் தேவை’ என்று ஒரு வரி எழுதி முடித்துவைப்பார். அவர் கணக்கில் அது தீர்ந்துவிட்டது. உங்களுக்கு மெசேஜ் வருகிறது. நீங்கள் மறுபடி கூப்பிட்டால் வேறொரு பிள்ளை, வேறொரு எண், கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். இதில் அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ‘சார் கிட்ட குடுங்க’ என்றவரை மட்டும் நானும் மன்னிக்க மாட்டேன்.

என் கல்யாணம் நடந்த காலத்தில் இதெல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். டவுனுக்குள் ஒரு கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தது. பத்திரிகையோடு போனேன். கிளார்க் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து, ஸ்கேல் வைத்துப் பழைய இன்ஷியல் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். மேலே புது இன்ஷியல், ஓரத்தில் மேனேஜரின் குட்டிக் கையெழுத்து. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து அதே கிளையில் என் டெபாசிட்டை எடுக்கப் போனால், ‘இது வேற ஆள் பேரில்ல இருக்கு’ என்றார்கள். டெபாசிட் லெட்ஜர் வேறு, அந்தச் சிவப்புக் கோடு அங்கே போய்ச் சேரவேயில்லை.

உங்களுக்கும் நடந்திருப்பது அதே கதைதான். கார்டில் அச்சாகும் பெயர் ஒன்று, கார்டு கணக்கின் பதிவில் உள்ள பெயர் இன்னொன்று. உங்கள் விஷயத்தில் முதலாவதைத் தப்பாக மாற்றிவிட்டு, இரண்டாவதைத் தொடவேயில்லை என்றுதான் தெரிகிறது. ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள், அதில் பழைய இன்ஷியல்தான் இருக்கும். அதனால்தான் கார்டில் உள்ளதைச் சொன்னால் வெரிபிகேஷனில் தோற்றுப்போகிறீர்கள். திருத்தம் முடியும்வரை எப்போதாவது போனில் பேச வேண்டி வந்தால், ஸ்டேட்மென்டில் உள்ள பழைய பெயரையே சொல்லுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அவர்கள் திரையில் நீங்கள் இன்னும் மேலூர்ப் பெண்தான்.

கணவர் பெயர் ஏன் முன்னால் வந்தது? நம் பெயர் ஒரு எழுத்தும் ஒரு பெயரும். அவர்கள் படிவத்தில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம். இன்ஷியல் முன்னால் நிற்கிறதே, அதுதான் முதல் பெயர் என்று எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பவர் நினைத்து, சான்றிதழைப் பார்த்து விரித்து எழுதிவிட்டார். ஆகவே இனி எழுதும்போது ‘இன்ஷியல் மாற்றம்’ என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். பதிவில் எப்படி இருக்க வேண்டும், கார்டில் எப்படி அச்சாக வேண்டும் என்று இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி எங்கே என்பது உட்பட எழுதிக் கொடுங்கள்.

இப்போது அந்த ‘சான்றிதழ் செல்லாது’ விஷயம். அப்படிச் சொன்னது தப்பு. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளிலேயே, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்க்கும் விதிகளிலேயே, இதற்கு வழி இருக்கிறது. ஆதார், பாஸ்போர்ட் போன்ற ஆவணம் வாங்கிய பிறகு பெயர் மாறியிருந்தாலும், பெயர் மாற்றத்தைக் காட்டும் மாநில அரசின் திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கூட இருந்தால், அந்தப் பழைய ஆவணமே செல்லும். அதாவது அப்பா இன்ஷியல் உள்ள ஆதாரும் சார்பதிவாளர் கொடுத்த சான்றிதழும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். கல்யாணப் பத்திரிகையும் கோயில் ரசீதும் இங்கே எடுபடாது. முகூர்த்தக் கையோடு பதிவு செய்தீர்களே, அது நல்ல காரியம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவர் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். கோயிலில் கட்டிய தாலிக்குக் கோயில் ரசீதே போதும் என்று நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் சான்றிதழில் பெண்ணின் பெயர் கல்யாணத்துக்கு முன் இருந்தபடியேதான் பெரும்பாலும் இருக்கும். ‘இதில் கணவர் யார் என்று இருக்கிறது, நீங்கள் பெயர் மாற்றியதாக எங்கே இருக்கிறது?’ என்று விவரமான அதிகாரி கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அதற்கு இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். கோர்ட் பக்கம் போனால் அரை மணி நேர வேலை.

கடிதம் யாருக்கு? கிளை மேனேஜருக்கு அல்ல, கஸ்டமர் கேருக்கும் அல்ல. ஸ்டேட்மென்டின் பின்பக்கத்திலோ வங்கியின் இணையதளத்திலோ கார்டு பிரிவின் குறைதீர்ப்பு அதிகாரி, நோடல் அதிகாரி என்று முகவரியும் மின்னஞ்சலும் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள், ரசீதை பத்திரப்படுத்துங்கள். இப்படி எழுதினால் போதும்:

‘கடைசி நான்கு எண்கள் இன்னவை உள்ள கார்டு என்னுடையது. திருமணத்துக்குப் பின் என் பெயரை இன்னவாறு மாற்றக் கோரி இன்ன தேதியில் விண்ணப்பித்தேன். கார்டில் பெயர் தவறாக அச்சாகியுள்ளது, கணக்குப் பதிவு மாற்றப்படவில்லை. திருமணச் சான்றிதழ், ஆதார், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றின் நகல்கள் இணைப்பில். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிப்படி இவற்றை ஏற்று இரண்டு இடத்திலும் திருத்தித் தரவும். ஏற்க முடியாது எனில் எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும். முந்தைய புகார் எண்கள் கீழே.’

ஆறு எண்ணையும் தேதியோடு வரிசையாக எழுதுங்கள். ‘எந்த விதியின்படி’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போனில் வாய்க்கு வந்தபடி ‘செல்லாது’ என்பவர்கள், அதையே எழுதிக் கையெழுத்துப் போட யோசிப்பார்கள். கவுன்டருக்கு உள்பக்கம் இருந்து நானே பார்த்திருக்கிறேன். ஜெராக்ஸ் ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக ‘கார்டு பெயர் மாற்றத்துக்கு மட்டும்’ என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆதாரில் முதல் எட்டு எண்ணை மறைத்துவிடுங்கள். முழு கார்டு எண்ணையோ பின்பக்க மூன்று இலக்கத்தையோ எங்கேயும் எழுத வேண்டாம்.

கடிதம் போன நாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். பதிலே வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே புகார் செய்யலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். ஆனால் அதற்கு முன் வங்கியிடம் புகார் செய்ததற்கு அத்தாட்சி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனை வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று. கோபத்தில் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். எக்ஸிலோ முகநூலிலோ வங்கியைத் திட்டி எழுதிவிட்டு, ‘நாங்கள் உதவுகிறோம்’ என்று வருபவரிடம் பேசாதீர்கள். அலுத்துப்போனவர்களைத் தேடித்தான் அந்தத் திருடர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கம் உள்ள எண் மட்டும்தான் எண்.

சரி, ஆதாரும் பானும். கார்டுக்காக அவசரப்பட்டு ஆதாரை மாற்ற வேண்டாம். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். எழுத்துப்பிழை திருத்தினால் அதுவும் ஒரு தடவை. ஆனால் எப்படியும் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறேன் என்றால், ஆதார், அப்புறம் பான், அப்புறம் வங்கிக் கணக்கு, கடைசியில் கார்டு என்று போவது நல்லது. பான் பெயரை வருமான வரித்துறைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அங்கே பழைய பெயர் இருந்தால் மறுபடி ஒரு முட்டுக்கட்டை. வேடிக்கையைக் கேளுங்கள். வங்கி ஏற்காத கல்யாணப் பத்திரிகையைப் பான் திருத்தத்துக்குச் சான்றாக ஏற்றுக்கொண்டு வந்தார்கள், அதனால் மிச்சமிருக்கும் பத்திரிகையில் ஒன்றை எடுத்து வையுங்கள். பெயர் மாறினாலும் பான் எண் மாறாது. அந்த எண்ணின் ஐந்தாவது எழுத்து, வாங்கும்போது கொடுத்த கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அங்கே அப்பா பெயரைத்தான் எழுதியிருப்போம். உங்கள் பானை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எந்த இன்ஷியலுக்கு மாறினாலும் அப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

மாமியார் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமானால் பெயரையோ இன்ஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழையபடியே கார்டு கொடுங்கள் என்று அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். அப்போது உறுதிமொழிப் பத்திரம்கூட வேண்டாம். மதுரையா சிதம்பரமா என்று கேட்கிற ஊர் இது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு முதலில் பட்டாபிஷேகம், அப்புறம் திக்விஜயம், அதற்கப்புறம்தான் திருக்கல்யாணம். அன்றைக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறோம், அவளுக்கு யாரும் இன்ஷியல் மாற்றுவதில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லலாமா என்பது உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது.

கார்டை மூடுவது கடைசி வழி. வேலைக்குப் போன புதிதில் எடுத்தது என்கிறீர்கள், அதன் வயதுக்குக் கடன் அறிக்கையில் ஒரு மதிப்பு உண்டு. அப்படியும் மனம் விட்டுப்போனால், பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கி விதிதான். பெயர்த் தகராறு நடக்கிறதே என்று மட்டும் பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். வட்டிக்கு இன்ஷியல் தெரியாது.

சரியான கார்டு வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அடுத்த ஸ்டேட்மென்டிலும் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதியும் பின்பக்க இலக்கமும் மாறியிருக்கலாம், ஆகவே போன் ரீசார்ஜ், இன்ஷூரன்ஸ் என்று தானாகப் பணம் போகிற இடங்களில் புது விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் கணவர் பெயர் போட்ட அந்தக் கார்டை எடுத்து, சிப்பின் குறுக்கே கத்தரியால் வெட்டிப் போடுங்கள்.