வேப்பிலையும் மருந்தும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் அழகர் வைகையில் இறங்கவில்லை. இப்படித் திருவிழா நின்றுபோனால் பக்தி குறையுமா, கூடுமா?
(வாசகர், மதுரை)

பதில்: ஏற்கெனவே பக்தி ஊறியிருக்கும் ஊரில்தான் அது கூடுகிறது. 2020 கோடையில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 14 நாடுகளில் மக்களிடம் கேட்டது. கொரோனாவால் தம் மத நம்பிக்கை வலுப்பட்டதாக அமெரிக்கர்களில் 28 சதவீதம் பேர் சொன்னார்கள். டென்மார்க்கில் 2 சதவீதமே. நம்மூரில் வழிபாடு வீட்டுக்குள் வந்தது. 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை நேரலையில் பார்த்தபடியே பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அடக்கி வைத்த ஏக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. 2022 ஏப்ரலில் அழகர் மறுபடி ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இருவர் இறந்தனர்.

கேள்வி: பெரியம்மை ஒழிந்த பிறகும் அம்மை போட்டால் வேப்பிலை கட்டுகிறோம். எதைத் தொடரலாம், எதை விட வேண்டும்?
(வாசகி, சேலம்)

பதில்: இந்தியாவில் பெரியம்மை 1975-லேயே நின்றது; 1980-ல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆத்தா மட்டும் போகவில்லை, சின்னம்மைக்கு வந்துவிட்டாள். கோவையில் பிளேக் மாரியம்மனும் இப்படி வந்தவள்தான். பெயர் தெரியாத பயத்தைவிடப் பெயர் சொல்லிக் கும்பிடும் தாயோடு வாழ்வது எளிது. இதை மூடத்தனம் என்று ஒதுக்க எங்களுக்கு மனமில்லை.

வாசலில் வேப்பிலை கட்டுங்கள். வெளியாள் உள்ளே வராமல் தடுக்கும் நல்ல அடையாளம் அது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவும். அதனால் மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஒரு கொப்புளம் ஈரமாக இருந்தாலும் பொறுங்கள். சந்நிதியில் பக்கத்தில் நிற்பவர் கர்ப்பிணியாக இருக்கலாம்.

உடைந்த கொப்புளத்தில் வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசினால் சீழ் பிடிக்கக்கூடும். அம்மை இருக்கும்போது நகம் வெட்டக்கூடாது என்பதையும் விடுங்கள். சொறிந்த புண்ணில்தான் கிருமி ஏறுகிறது.

உயிருக்கே உலை வைப்பது, "அம்மைக்கு மருந்து கொடுத்தால் ஆத்தா கோபிப்பாள்" என்ற பேச்சு. பெரியவர்களுக்குச் சின்னம்மை கடுமையாக வரும். கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாவிளக்கும் கூழும் நேர்ந்திருந்தால் பொருக்கு உதிர்ந்த பிறகு செலுத்தலாம்.