குவாரி கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் புறக்கணிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே புதிதாகக் கல்குவாரி வரப்போகிறது. அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் அறிக்கையில் எங்கள் மேலத்தெரு வீடுகளும் இல்லை, பக்கத்தில் ஓடும் ஓடையும் இல்லை. “போனால் சம்மதித்ததாக எழுதிக்கொள்வார்கள், யாரும் போக வேண்டாம்” என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். என்ன செய்வது?
- வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: போங்கள், ஊரோடு போங்கள். பெரியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கே கிடையாது. நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். குவாரிக்கு ஆதரவாகப் பேசியவர்களின் பேச்சு மட்டுமே கூட்டக் குறிப்பில் ஏறும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சம்மதம் ஆகாது. அங்கே ஓட்டெடுப்பும் இல்லை. குவாரிக்கு அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் மாநில மதிப்பீட்டுக் குழு பிறகு படித்துப் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். அதில் உங்கள் மேலத்தெருவும் ஓடையும் இடம்பெற வேண்டும்.

உண்மையான வேலை கூட்டத்துக்கு முன்பே இருக்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. அந்த நாட்களை வீணாக்காதீர்கள். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்கும். சுருக்கத்தோடு நிற்காமல் முழு அறிக்கையைக் கேளுங்கள்.

அதில் முதலில் தேட வேண்டியது, 300 மீட்டர் தூரத்துக்குள் வீடுகள் உண்டா என்பதற்கு விஏஓ தந்த சான்று. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்கின்றன 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். உங்கள் தெரு அந்தத் தூரத்துக்குள் இருந்தால் வழக்கின் உயிரே அதுதான். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ஜிபிஎஸ் பதிவோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள்.

ஓடைக்குச் சான்றாக கிராம வரைபடமும், ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேடும் போதும். ஆய்வு எந்த மாதங்களில் நடந்தது என்றும் பாருங்கள். மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே போதும் என்பதால், கோடையில் மட்டும் அளந்திருக்கவும் கூடும். மார்ச் முதல் மே வரை அளந்திருந்தால் ஓடை வறண்டு கிடந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும்போது எடுத்த படம் ஊரில் யாருடைய செல்போனிலாவது இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளைப் பட்டியலிட்டு கனிமவளத் துறை உதவி இயக்குநர் தரும் கடிதமும் அறிக்கையின் இணைப்பில் இருக்கும். சுற்றியுள்ள குவாரிகள் அதில் விடுபடாமல் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். எல்லாக் குவாரிகளின் தூசியும் வெடி அதிர்வும் உங்கள் ஊருக்குத்தான் சேர்ந்து வருகின்றன. ஒன்றை மட்டும் தனியாக அளந்தால் பாதிப்பு குறைவாகத்தான் தெரியும்.

இவற்றையெல்லாம் எழுத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்திலும் அதையே சுருக்கமாகப் பேசுங்கள். நிகழ்ச்சி முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும்; முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் கலைந்து போகாதீர்கள். விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

தெரிந்தே தகவலை மறைத்திருந்தால், கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைக்கூட ரத்து செய்ய அதே அறிவிக்கையின் 8(vi) பத்தி இடம் தருகிறது. இத்தனைக்குப் பிறகும் அனுமதி கிடைத்துவிட்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தாமதத்தை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.